உழைப்பாளரே உடைமையாளர்



ஒரு பாலத்தையோ மாளிகையையோ காணும்போது, "இதைக் கட்டியவர் யார்?" என்று கேட்பது மக்கள் வழக்கம். அவ்வினாவுக்கு விடையாக வருவது பெரும்பாலும் பொருள் கொடுத்தவரின் பெயர். அல்லது கொந்தராத்து எடுத்தவரின் பெயர். கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவீதியை அமைத்தவர் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் என்று பாடப்புத்தகம் கூறுகிறது. கடுகண்ணாவையில் பாறையைப் பிளந்தவரையும் கல்லைச் சுமந்தவரையும் பற்றி எவரும் கேட்பதில்லை, அவர்களும் எதிர்பார்த்ததில்லை.

சப்ரகமுவ மாகாணத்தில் வாழும் நமக்கு இச்செய்தி புதிதன்று. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை 1903ஆம் ஆண்டில் எட்டியாந்தோட்டையை எட்டியது. 1912இல் இரத்தினபுரியை அடைந்தது. 1919இல் ஒப்பநாயக்கா வரை நீண்டது. பின்னர் அப்பாதையின் பெரும் பகுதி மூடப்பட்டுவிட்டது. மலையைக் குடைந்தும், சதுப்பைத் தூர்த்தும், காட்டை அழித்தும் இந்நாட்டில் அமைந்த பாதைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வியர்வை கலந்திருக்கிறது. தோட்டத்து வீதிகளும், கான்களும், கல்லணைகளும், தேயிலைத் தொழிற்சாலைகளும் அவர்கள் கைகளாலேயே எழுந்தன. இன்றும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து பாடசாலைப் படிப்பை முடித்த இளைஞர் பலர், கொழும்பு நகரின் மாடிக் கட்டிடங்களில் மேசன் பாஸ்மாருக்குக் கையுதவிகளாகப் போய்ச் சேர்கின்றனர். வேலை முடிந்ததும் சம்பளம் முழுமையாகக் கைக்கு வந்தால் அது நற்பேறு. கொந்தராத்துக்காரர் சொல்லாமற் கொள்ளாமற் போய்விட்டாரென்று வெறுங்கையோடு திரும்பி வந்த பழைய மாணவர்களையும் நான் கண்டதுண்டு.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. கட்டுகிறவர்களே கட்டுமானக் கம்பெனியின் சொந்தக்காரராகவும் இருத்தல் இயலுமா? மண் சுமப்பவரும் கல் உடைப்பவரும் ஒன்றுகூடி, தாமே கொந்தராத்து எடுத்து, தாமே கணக்கு வைத்து, வந்த இலாபத்தைத் தாமே பங்கிட்டுக்கொள்வது கனவா, நனவா? நனவே என்பதற்குச் சான்றாக நமக்கு அண்மையில் உள்ள கேரள நாட்டில் நூறாண்டுகளைக் கடந்து ஒரு நிறுவனம் நிலைத்து நிற்கின்றது. ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வட மலபாரில் வடகரை என்னும் ஊருக்கு அருகே ஊராளுங்கல் என்ற சிற்றூர் உள்ளது. அந்நாளில் மலபார் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாக இருந்தது. நிலம் சிலர் கையில். உழைப்பு பலர் தோளில். சாதியின் பெயரால் தீண்டாமையும் இழிவும் தலைவிரித்தாடிய காலம் அது. அக்காலத்தில் வாக்படானந்தர் என்னும் துறவி ஒருவர் தோன்றினார். 1885ஆம் ஆண்டிற் பிறந்து 1939ஆம் ஆண்டில் மறைந்த இவர், வடமொழியில் ஆழ்ந்த புலமை உடையவர். 1917ஆம் ஆண்டில் ஆத்ம வித்யா சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்து, சாதி வேற்றுமை, மூடப் பழக்கம், மதுபானம் ஆகியவற்றை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவனல்லன் என்பதே அவர் போதனையின் சாரம்.

ஊராளுங்கலைச் சார்ந்த காரக்காடு என்னும் பகுதியில் இளைஞர் பலர் அவருடைய அடியார்களாயினர். பழைய வழக்கங்களைக் கைவிட்டுத் தலைநிமிர்ந்து நடக்கத் தொடங்கினர். இதனைப் பொறாத மேல்தட்டினர் அவர்களுக்கு வேலை கொடுக்க மறுத்தனர். அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் குடும்பங்களுக்கு வேலை மறுப்பு என்பது அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும். தன்மானத்தைக் கைவிட்டால் சோறு. தன்மானத்தைக் காத்தால் பட்டினி என்ற நிலை.

இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே சங்கம். பிறர் வேலை கொடுக்காவிடின் நாமே நமக்கு வேலை தேடிக்கொள்வோம் என்று 14 பேர் துணிந்தனர். 1925ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஊராளுங்கல் கூலி வேலைக்காரர் பரஸ்பர உதவிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன் தொடக்க மூலதனம் ஆறு அணா. இந்தியாவின் பிற்காலக் கணக்கில் 37 பைசா. பிள்ளைகள் கற்க ஒரு பள்ளிக்கூடத்தையும், கந்துவட்டிக்காரரிடம் கையேந்தாமலிருக்க ஒரு கடன் சங்கத்தையும் அதே மக்கள் அமைத்துக்கொண்டனர் என்பது கருதத்தக்கது. வேலை, கல்வி, கடன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பிடித்தமையாலேயே ஒன்று தளர்ந்தபோது மற்றொன்று தாங்கிற்று.

அக்காலத்தை ஒட்டி நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். தோட்டத் தொழிலாளரின் கடனைத் துண்டில் எழுதி, அத்துண்டோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாற்றிய துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் என்ற கயிறு இங்கும் அங்கும் ஒன்றே. அங்கே அதனை அறுப்பதற்குத் தொழிலாளரே சேர்ந்து ஒரு கருவியைச் செய்துகொண்டனர் என்பதுதான் வேறுபாடு.

சங்கம் தொடங்கியவுடன் பெரிய வேலைகள் வந்து குவியவில்லை. வீதியைச் செப்பனிடுதல், கரை கட்டுதல், சிறு மதகு அமைத்தல் போன்ற எளிய வேலைகளே கிடைத்தன. தனியார் கொந்தராத்துக்காரரோடு போட்டியிட்டு வேலை பெறுதலும் எளிதன்று. வேலையை முடித்தாலும் அரசாங்கத்திடமிருந்து பணம் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கூலி கொடுப்பதெப்படி? கட்டுமானத் தொழிலில் சிறியவர்களை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த இடைவெளியே. நாளடைவில் சங்கம் உறுப்பினரிடமிருந்தும் ஊர் மக்களிடமிருந்தும் வைப்புப் பணம் திரட்டி இக்குறையைச் சமாளித்தது. மக்கள் தம் சேமிப்பை நம்பி ஒப்படைப்பதற்குச் சங்கத்தின் நாணயமே பிணையாக நின்றது. ஆசிரியராக இருந்த பாலேரி கணாரன் மாஸ்டர் நெடுங்காலம் தலைவராயிருந்து அந்நாணயத்தைக் காத்தவர். பின்னாளில் அவருடைய மைந்தர் பாலேரி ரமேசன் 1990களில் தலைமைப் பொறுப்பை ஏற்று, சங்கம் பெரும் பணிகளில் இறங்குவதற்கு வழிகாட்டினார்.

இனி, சங்கம் நடக்கும் முறையைச் சிறிது பார்ப்போம். இதுவே நாம் கற்க வேண்டிய பாடத்தின் நடுப்பகுதியாகும்.

முதலாவது, உழைப்பவரே உறுப்பினராக முடியும். பணம் போட்டுவிட்டு வீட்டிலிருந்து இலாபம் எதிர்பார்ப்பவருக்கு அங்கே ஆட்சியுரிமை இல்லை. இரண்டாவது, ஒருவர் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு ஒரே வாக்கு. சாதாரண கம்பெனியில் பங்கு பேசும். இங்கே ஆள் பேசுகிறார். மூன்றாவது, இயக்குநர் சபை உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்படுகிறது, இயக்குநர்களும் தொழிலாளரே. அவர்கள் வேலைத்தலங்களைத் தாமே மேற்பார்த்து, நாள்தோறும் கூடி, எங்கே எவ்வளவு வேலை நடந்தது, எந்தப் பொருள் குறைந்தது, எங்கே ஆள் தேவை என்று ஆராய்கின்றனர். ஆண்டுக்கொரு முறை கூடித் தேநீர் அருந்திப் பிரியும் சபையன்று அது. நான்காவது, கிடைத்த மிகுதியில் உறுப்பினருக்குரிய போனசும் பங்காதாயமும் போக, ஒரு பகுதி சங்கத்தின் வளர்ச்சிக்கென ஒதுக்கப்படுகிறது. சேமநிதி, மருத்துவ உதவி, வேலைத்தலத்தில் உணவு முதலிய நலன்களும் உண்டு.

இயந்திரங்கள் வந்த காலத்தில் சங்கம் ஒரு பெரிய சோதனையைச் சந்தித்தது. மண்வெட்டியால் நூறு பேர் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்யுமானால் தொழிலாளர் நிலை என்னாகும்? தனியார் முதலாளி ஒருவர் இயந்திரத்தை வாங்கினால் ஆட்களை நிறுத்துவார், மிச்சம் அவருக்கு. உழைப்பாளரே உடைமையாளராக உள்ள இடத்தில் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ள எவரும் உடன்படார். ஆகையால் சங்கம் இயந்திரங்களையும் வாங்கியது. புதிய வேலைகளையும் எடுத்து ஆட்களுக்குப் பணியைப் பெருக்கியது. கல் உடைக்கும் ஆலை, தார்க் கலவை ஆலை, கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகம் என்று ஒவ்வொன்றாக அமைந்தன. இளைஞருக்குக் கட்டுமானக் கல்வி அளிக்கக் கொல்லம் மாவட்டத்துச் சவறையில் கேரள அரசு நிறுவிய கல்வி நிலையத்தை நடத்தும் பொறுப்பும் சங்கத்திடம் வந்தது.

தரத்திற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். கொச்சி நகரில் பாலாரிவட்டம் என்னுமிடத்தில் ஒரு மேம்பாலம் 2016ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மூன்றாண்டு நிறைவதற்குள், 2019ஆம் ஆண்டில், குறைபாடுகள் காரணமாக அது மூடப்பட்டது. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. பின்னர், பொறியியலறிஞர் ஈ. சிறீதரன் வழிகாட்டிய டில்லி மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில் அதனைப் புதுப்பிக்கும் வேலை ஊராளுங்கல் சங்கத்திடம் வந்தது. 2020 செப்டெம்பரில் தொடங்கிய பணி, குறித்த தவணைக்கு முன்னதாகவே நிறைவுற்று, 2021 மார்ச்சில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது. கோழிக்கோட்டுப் புறவழிச்சாலையில் தொண்டயாடு, இராமநாட்டுக்கரை ஆகிய இடங்களின் மேம்பாலங்களை மதிப்பிட்ட தொகையிலும் குறைந்த செலவில் 2018ஆம் ஆண்டில் கட்டி முடித்ததும் இச்சங்கமே. கொந்தராத்து என்றால் சிமெந்தில் மண்ணைக் கலப்பது என்று ஊரார் கேலி பேசும் காலத்தில், இது சிறிய செய்தியன்று. இலாபத்தை மறைத்துக் கொண்டுபோக மேலே ஒருவரும் இல்லாத இடத்தில், கலவையைக் கெடுப்பவன் தன் சொந்தப் பெயரையே கெடுத்துக்கொள்கிறான்.

14 பேரில் தொடங்கிய சங்கத்தில் இன்று பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணி செய்கின்றனர். தேசிய நெடுஞ்சாலையில் தலப்பாடியிலிருந்து செங்களை வரை 39 கிலோமீட்டர்ப் பகுதியை ஆறு வழிச்சாலையாக்கும் பணியைப் பெரிய கம்பெனிகளோடு போட்டியிட்டு 2021ஆம் ஆண்டில் பெற்றது. வடகரைக்கு அருகே இரிங்ஙல் என்னுமிடத்தில் கைவினைஞர் கிராமம் ஒன்றை நடத்துகிறது. கோழிக்கோட்டில் கணினித் துறைக்கென ஒரு பூங்காவை 2016ஆம் ஆண்டில் திறந்தது. மண் சுமந்தவர்களின் பிள்ளைகள் அங்கே பொறியியலாளராக அமர வழி பிறந்தது. அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டணி வெளியிடும் உலகக் கூட்டுறவு நிறுவனங்களின் பட்டியலில், நாட்டின் தலா வருமானத்தோடு ஒப்பிட்டுக் கணிக்கும் வரிசையில், தொழில்துறைப் பிரிவில் ஸ்பெயின் நாட்டு மொந்திராகன் நிறுவனத்தை அடுத்து இரண்டாமிடத்தை ஊராளுங்கல் பெற்றதுண்டு.

நேயர்களே, இவ்வளவும் கூறியபின் மறுபக்கத்தையும் கூறாவிடின் அது நேர்மையாகாது. சங்கத்தில் பணி புரிவோர் எல்லாரும் உறுப்பினரல்லர். வட இந்திய மாநிலங்களிலிருந்து வந்து உழைப்போர் பலர் கூலியும் நலனும் பெறுகின்றனர். ஆனால் வாக்குப் பெறவில்லை. தொழிலாளர் கூட்டுறவுகளுக்கென்று கேரள அரசு அளித்த சலுகைகள் பற்றியும், போட்டியின்றிச் சில வேலைகள் வழங்கப்பட்டன என்பது பற்றியும் விமரிசனங்கள் உள்ளன. அதே சலுகைகளை நம்பி எழுந்த வேறு பல ஒப்பந்தச் சங்கங்கள் தழைக்கவில்லை. சில, தனியார் கொந்தராத்துக்காரரின் முகமூடியாகவே முடிந்தன. அரசின் ஆதரவு பயிருக்கு நீர் போன்றது. வித்துச் சொத்தையானால் நீர் என் செய்யும்?

மேலை நாட்டு வரலாறும் இதனையே உணர்த்துகிறது. இத்தாலி நாட்டின் ராவென்னா நகரில் 1883ஆம் ஆண்டில் நிலமற்ற கூலியாளர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். நுல்லோ பால்தினி என்பவர் அதற்கு உயிரூட்டினார். அடுத்த ஆண்டே அவர்களில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் உரோமாபுரிக்கு அருகேயுள்ள ஒஸ்தியா சதுப்பு நிலத்தை வற்றச்செய்யப் புறப்பட்டனர். மலேரியாக் காய்ச்சலுக்குப் பலர் இரையாயினும், பணி நிறைவேறிற்று. அதே நகரில் கொத்தனார்களால் 1901ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மற்றொரு கூட்டுறவு, பல கண்டங்களில் அணையும் சுரங்கமும் அமைக்கும் அளவுக்கு வளர்ந்தது; எனினும் 2018ஆம் ஆண்டில் கடன் சுமை தாங்காது நீதிமன்றத்தின் காப்பை நாட நேர்ந்தது. உழைப்பாளரின் உடைமை என்பதனால் மட்டும் கடனுக்கும் நட்டத்துக்கும் விலக்கு இல்லை. அளவறிந்து வளர்தல் எல்லார்க்கும் பொது.

இவ்வரலாறு நமக்கு எவ்வகையிற் பயன்படும்? பங்கு என்ற சொல் நம் மாகாணத்துக்கு அந்நியமானதன்று. இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் இறங்கி வேலை செய்வோர் நாட்கூலிக்கு மட்டும் உழைப்பதில்லை. கல் விற்றால் அவர்களுக்கும் ஒரு பங்குண்டு என்பது தொன்றுதொட்ட வழக்கம். நிலத்துக்கு ஒரு பங்கு, செலவிட்டவருக்கு ஒரு பங்கு, உழைத்தவருக்கு ஒரு பங்கு என்று பிரிப்பதை நம் பிள்ளைகள் பாடசாலைக் கணக்குக்கு முன்னரே அறிவர்.

தோட்டத்திலும் பங்கு வந்ததுண்டு. 1992ஆம் ஆண்டில் அரசத் தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. பின்னர் அவற்றின் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்து வீதம் ஊழியருக்கும் தொழிலாளருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்தவரும் உண்டு. அவசரத்துக்கு விற்றவரும் உண்டு. ஆனால் அப்பத்திரம் தோட்டத்துத் தீர்மானம் ஒன்றையும் மாற்றவில்லை. ஏன்? பலரிடம் சிதறிய பத்துப் பங்கு, ஒருவரிடம் குவிந்த ஐம்பத்தொரு பங்குக்கு முன் வாய் திறக்க இயலாது. கணக்கைக் கேட்கவும், தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், தவறினால் மாற்றவும் உரிமை இருக்கும்போதே உடைமை என்ற சொல்லுக்கு உயிர் உண்டு. ஊராளுங்கல் தொழிலாளர் ஆறு அணாவோடு பெற்றது அவ்வுரிமையையே.

நமக்குக் கட்டவேண்டியவையோ எண்ணற்றவை. 2016ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாட்களில் புளத்கொஹுபிட்டியவின் களுபான தோட்டத்தில் லயத்தில் வாழ்ந்த மக்கள் மண்ணுள் புதையுண்டனர். லயக் காம்பராக்களை விட்டுப் பாதுகாப்பான நிலத்தில் தனி வீடுகள் அமைக்க வேண்டும் என்பதை அன்றைய சாவுகள் உரத்துச் சொல்லின. இந்திய உதவியுடன் அமையும் வீட்டுத் திட்டங்கள் மலைநாட்டில் நடைபெற்று வருகின்றன. அவ்வீடுகளின் சுவரை எழுப்புபவர் யார்? வெளியூர்க் கொந்தராத்துக்காரர் வந்து கட்டிக் கொடுக்க, மேசன் வேலை தெரிந்த நம் இளைஞர் கொழும்பில் பிறர் வீட்டுக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருப்பது பொருந்துமா?

ஆதலின் சில கருத்துக்களை முன்வைக்கிறேன். தோட்டங்களில் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பெயரளவிலேனும் உள்ளன. இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911ஆம் ஆண்டு முதலே உண்டு. சிறிய அரசாங்க வேலைகளை ஊர்ச் சங்கங்களுக்கு நேரே வழங்க விதிமுறைகள் இடந்தருகின்றன. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் மேசன், தச்சு, மின்னிணைப்பு, நீர்க்குழாய் வேலைகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் பெறலாம். பத்து அல்லது பதினைந்து பேர், ஒருவரை ஒருவர் நன்கறிந்தவர், தம் தோட்டத்துக் கான் ஒன்றையோ படிக்கட்டு ஒன்றையோ எடுத்துச் செய்து தொடங்கலாம். மாதந்தோறும் சீட்டுப் பிடித்து, ஒருவர் பணத்தை மற்றவர் காக்கும் நம் தாய்மாருக்குக் கூட்டுறவின் முதற்பாடத்தை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களையே கணக்குப் பார்க்க அமர்த்தினால் பாதி வெற்றி கைகூடிவிடும்.

பாடசாலைகளுக்கும் இதிற் கடமை உண்டு. செங்கல் எத்தனை, சிமெந்து எத்தனை மூடை, கூலி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று மதிப்பீடு போடக் கற்ற மாணவனை எந்தக் கொந்தராத்துக்காரரும் எளிதில் ஏமாற்ற இயலாது. ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும், தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதவும், வரவு செலவை எல்லாரும் காண எழுதி ஒட்டவும் பதினைந்து வயதிலேயே பழக்கிவிடலாம். காரக்காட்டு மக்கள் சங்கத்தோடு பள்ளிக்கூடத்தையும் அமைத்தது காரணமின்றியன்று.

நூறாண்டுகளுக்கு முன் வேலை மறுக்கப்பட்ட 14 கூலியாளருக்கு நம்மிடம் இல்லாத செல்வம் ஒன்றும் இருந்ததில்லை. ஒருவரை ஒருவர் நம்பினர், கணக்கை மறைக்கவில்லை, எடுத்த வேலையில் குறை வைக்கவில்லை. இம்மூன்றும் விலை கொடுத்து வாங்கும் பொருள்களல்ல. நமது தோட்டத்துக் கான் ஒன்றை நாமே எடுத்துக் கட்டி, அதன் கணக்கை மாரியம்மன் கோயில் முன்றிலில் எல்லாரும் கேட்க வாசிக்கும் நாள் விரைவில் வரட்டும்.